பட்டியலில் ஆறாவது வீடு

எனக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. காய்கறிக்காரர் எடை போடும்போது நான் காயைப் பார்ப்பதில்லை, அவர் விரலைப் பார்ப்பேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் காரணமில்லாமல் சிரித்தால் கைப்பையை மடிக்கு மாற்றிக்கொள்வேன். வெப்சைட் செய்வது என் தொழில். இந்தக் குணம் அந்தத் தொழிலுக்கு நல்லது என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திருவானைக்காவலில் ஒரு மாடி அறையில் இருந்து வேலை செய்கிறேன். ஸ்ரீரங்கத்தில் ஒரு தெருவில் வீட்டிலேயே பக்ஷணம் செய்து கொடுக்கும் மாமிகளுக்காக ஒரு சின்ன வெப்சைட் வேண்டும் என்று, அந்தத் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற பேங்க் அதிகாரி ஒருவர் கேட்டார். கல்யாணச் சீர் முறுக்கு, அதிரசம், லட்டு இதெல்லாம் செய்கிறவர்கள் ஐந்து வீடு. பெயர், போன் நம்பர், என்னென்ன செய்வார்கள் என்ற விவரம், அவ்வளவுதான்.

ஒரே ஒரு விசேஷம், தீட்டு. பங்காளி வீட்டில் சாவோ பிறப்போ நடந்தால் அந்த மாமி பத்து நாளைக்கு யாருக்கும் எதுவும் செய்து தர மாட்டார். அந்த நாட்களில் அவர் பெயர் பட்டியலில் தெரியக் கூடாது. மாமி போன் செய்து சொன்னதும், அந்த பேங்க் சார் தன் கம்ப்யூட்டரில் அந்தப் பெயருக்கு நேரே ஒரு டிக் போடுவார். முடிந்ததும் எடுத்துவிடுவார். பாஸ்வேர்டு அவரிடம் மட்டும்தான். 'பட்டியலில் இல்லாதவர்கள் தற்சமயம் தீட்டில் இருக்கிறார்கள்' என்று அடியில் ஒரு வரி போடச் சொன்னார். போட்டேன்.

பட்டியலைக் காட்ட, பக்கத்தின் அச்சான டெம்ப்ளேட்டில் ஒரு லூப், அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளை, எழுத வேண்டும். முதல் பெயரை எடு, தீட்டா என்று பார், இல்லையென்றால் காட்டு, அடுத்த பெயருக்குப் போ. எழுதி முடித்து, கடைசியில் இருந்த ஐந்தாவது மாமிக்கு டிக் போட்டுச் சோதித்தேன். அவர் பெயர் மறைந்தது, மற்ற நான்கும் இருந்தன. திருப்தியாக ஒரு காபி போட்டுக் குடித்தேன்.

ஒரு மாதம் கழித்து ஆறாவதாக ஒரு மாமி சேர்ந்தார். ஐந்தாவது மாமிக்கு நேர் எதிர் வீடு. கணவர் இல்லை, மகள் காலேஜில் படிக்கிறாள். அடுப்பு எரிந்தால்தான் ஃபீஸ் கட்ட முடியும் என்ற நிலைமை.

அந்த மாமி ஒரு நாள் மத்தியானம் எனக்குப் போன் செய்தார். முசிறியிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் சீர் பக்ஷணம் முழுவதையும் அவரிடம் சொல்லியிருந்தார்களாம். திடீரென்று, உங்கள் வீட்டில் தீட்டாமே, பட்டியலில் பெயரைக் காணோமே என்று சொல்லி வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்களாம். அவர் வீட்டில் தீட்டு எதுவும் இல்லை. நான் உடனே திறந்து பார்த்தேன். ஆறு பெயரும் இருந்தன. மூன்று வாரம் கழித்து மறுபடியும் அதே புகார். நான் பார்க்கும்போது மறுபடியும் பெயர் இருந்தது.

இந்த முறை மாமி யோசித்து வைத்திருந்தார்.

"எதிராத்து மாமி பேர் இல்லாத நாள்லதான் என் பேரும் இல்லை. அவாளுக்குப் பங்காளி ஊரெல்லாம். நாலு வாரத்துக்கு ஒரு தீட்டு வரது. தனக்கு ஆர்டர் இல்லாதப்போ எனக்கும் வரக் கூடாதுன்னு சார்கிட்ட சொல்லி எடுக்க வெக்கறா."

ஒரு நிமிஷம்கூடத் தயங்காமல் நம்பினேன். எதிர் வீட்டு மாமியின் கணவரும் சாரும் ஒரே பேங்கில் வேலை பார்த்தவர்கள் என்று எனக்குத் தெரியும். இது போதாதா? யார் எந்தப் பெயரைத் தொட்டாலும் நேரத்தோடு பதிவாகும்படி சாருக்குத் தெரியாமல் ஒரு ஏற்பாடு செய்தேன். அது போதாதென்று அவருக்குப் போன் செய்து, பாஸ்வேர்டு வேறு யாருக்காவது தெரியுமா என்று கேட்டேன்.

"எனக்கு மட்டும்தான் தெரியும். அப்போ என்னைத்தான் கேக்கறேள், இல்லையா?" என்றார். நான் இல்லை என்று சொல்லவில்லை.

அடுத்த முறை மாமி விடிந்ததுமே கூப்பிட்டார். நேற்று ராத்திரி ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது, பெயர் இல்லை, இப்போதே பார் என்றார். பார்த்தேன், நிஜமாகவே இல்லை. எலி பொறியில் விழுந்துவிட்டது என்று பதிவைத் திறந்தேன். அதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. ஒன்பது நாள் முன்பு சார் ஐந்தாவது மாமிக்குப் போட்ட டிக். அந்த மாமியின் மூத்த மச்சினர், கணவரின் அண்ணன், இறந்துபோயிருந்தார். ஆறாவது பெயரை யாரும் தொடவே இல்லை.

அப்போதும் என் புத்தி எங்கே போனது தெரியுமா? சார் பதிவை அழித்திருப்பார் என்று. அரை மணி நேரம் அதைத் தேடிய பிறகுதான் என் டெம்ப்ளேட்டைத் திறந்தேன்.

முகப்புப் பக்கத்தில் மூன்று பெயர் மட்டும் காட்டுவதற்கு முதலில் ஒரு லூப் எழுதியிருந்தேன். மூன்று ஆனதும் 'பிரேக்', அதாவது லூப்பை அத்தோடு நிறுத்து. முழுப் பட்டியலுக்கும் அதையே காப்பி செய்து, நிபந்தனையை மட்டும் தீட்டு என்று மாற்றியிருந்தேன். 'பிரேக்' அப்படியே இருந்தது. அங்கே 'கண்டினியூ' இருந்திருக்க வேண்டும், இவரை மட்டும் விட்டுவிட்டு அடுத்தவருக்குப் போ என்று. ஐந்தாவது வீட்டில் தீட்டு வந்தால் லூப் அந்த வாசலிலேயே நின்றுவிடும். ஆறாவது வீட்டுக்குப் போகவே போகாது. அன்றைக்கு நான் கடைசிப் பெயரை வைத்துச் சோதித்ததால் இது தெரியவில்லை. கடைசியில் நின்றாலும் தாண்டினாலும் பார்வைக்கு ஒன்றுதான். மேலே இருந்த நான்கு வீட்டிலும் அந்த மாதங்களில் தீட்டே வரவில்லை. முன்பு இரண்டு முறையும் மாமி எனக்குச் சொல்வதற்குள் எதிர் வீட்டுத் தீட்டு முடிந்து டிக்கும் போயிருந்தது.

ஒரு வார்த்தையை மாற்றினேன், பெயர் வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது. போனில் சொல்லத் தைரியம் இல்லாமல் பஸ் ஏறினேன்.

முதலில் சாரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, மாமியிடம் சொல்லியாயிற்றா என்று மட்டும் விசாரித்தார். பிறகு மாமி வீட்டுக்குப் போனேன். முறுக்கு பிழிந்துகொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்ல அடுப்பை அணைத்தார்.

"அப்போ அவா ஒண்ணும் பண்ணலியா?"

"இல்லைங்க மாமி. எல்லாம் நான் பண்ணதுதான்."

அவர் என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். எதிர் வீட்டு மச்சினரைத் தூக்கிக்கொண்டு போன அன்று தெருவே வாசலில் நின்றதாம். இவர் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாராம். இன்று வரை துக்கம் விசாரிக்கப் போகவில்லையாம். தன் கையைப் பார்த்துக்கொண்டே இதைச் சொன்னார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு தெருவைத் தாண்டினார். நானும் பின்னாலேயே போனேன்.

எதிர் வீட்டு மாமி வாசலுக்கு வந்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. சண்டை போடப் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் இவரைப் பார்த்ததும் பதறினார்.

"லிஸ்ட்ல உங்க பேரும் இல்லையே மாமி. உங்காத்துலயும் தீட்டு, அதான் வர முடியலைன்னு நெனைச்சுண்டேன். யார் போனா?"

என் பிழையே ஆறாவது வீட்டு மாமிக்குத் தப்பிக்க ஒரு வழி திறந்துவிட்டிருந்தது. தூரத்துப் பங்காளி ஒருவர் போய்விட்டார் என்று சொன்னால் போதும். சொல்லிவிடுவார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன்.

ஆனால் அந்த மாமி, தீட்டு வீடு என்று பார்க்காமல் எதிர் வீட்டு மாமியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாரும் போகலை மாமி. நான்தான் வரலை."