பனியில் நின்ற படை

கல்லுப்பு உள்ளங்காலில் குத்தினால் இன்றைக்கும் எனக்கு ரஷ்யாதான் நினைவுக்கு வரும். ரயில் போகும்போதெல்லாம் யன்னல் அதிரும் எங்கள் வெள்ளவத்தை வீட்டில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, அப்பா சீமெந்துத் தரையில் ஒரு பிடி உப்பைத் தூவிப் பனி பெய்விப்பார். "உப்பைக் காலால மிதிக்கிறியள், நல்லாத்தான் இருக்கு" என்று அம்மா குசினியிலிருந்து புறுபுறுப்பார்.

துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த அப்பாவுக்குத் தோற்றுப்போன படைகளின் கதைகளில்தான் பைத்தியம். மொஸ்கோவைப் பிடிக்கப் போய், எரிந்த நகரத்தைக் கண்டு, வெறும் வயிற்றோடு திரும்பி நடந்த பிரெஞ்சுப் படையின் கதையை வாரம் ஒரு துண்டாகச் சொன்னார். நெருப்புக்குச்சிகள்தான் சிப்பாய்கள், குளிரில் செத்தவர்களை அவர் ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டைப் பையில் போட, கலண்டர் தாளின் பின்புறத்தில் அவர் கீறித் தந்த வரைபடத்தில் நான் சிவப்புப் பென்சிலால் அம்புக்குறி போடுவேன். மிச்சப் படை பனிக்கட்டி மிதக்கும் ஆற்றங்கரையில் பாலமில்லாமல் நின்றபோது, "மிச்சம் வாற கிழமை" என்று எழும்பிவிட்டார்.

அந்தக் கிழமைக்குள் ஒரு விடியற்காலை எங்கள் ஒழுங்கை வீடுகளைச் சுற்றி வளைத்து இராணுவச் சோதனை நடந்தது. அது யுத்த காலம். யாழ்ப்பாணத்திலிருந்து வரும் கடிதங்களைக்கூட அம்மா படித்ததும் எரித்துவிடுவார். சுவரில் ஒட்டியிருந்த அந்தத் தாளைத்தான் ஒருவரும் நினைக்கவில்லை. தமிழில் ஊர்ப்பெயர்கள், ஒரு ஆறு, சிவப்பு அம்புகள்.

"மே மொக்கத?" இது என்னவென்று சிப்பாய் ஒருவன் கேட்டான். அப்பா வாய் திறக்குமுன், கீழ்க்கடை முதலாளியிடம் பழகிய சிங்களத்தைக் காட்டிக்கொள்ளும் ஆசையில் நான் முந்திக்கொண்டேன்: "யுத்த சிதியமக், சேர்." யுத்த வரைபடம் என்று சொல்லிவிட்டேன்.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பதினொரு நாள் கழித்துத் திரும்பி வந்தவரின் இடது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. அம்மா என்னை ஏசத் தொடங்க, "விடுமப்பா. பிள்ளை பொய் சொல்லேல்லைத்தானே" என்றார் அப்பா. அவரும் ஏசியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அதன்பிறகு எங்கள் வீட்டுத் தரைக்கு உப்பு வரவில்லை. மிஞ்சியிருந்த சிப்பாய்களை அம்மா அடுப்புப் பற்றவைத்தே முடித்தார்.

இப்போது யுத்தமும் இல்லை, அந்த வீடும் இல்லை. அந்த இடத்தில் ஒன்பது மாடி எழும்பிவிட்டது. படை ஆற்றைக் கடந்த விதத்தைப் புத்தகங்களில் படித்துவிட்டேன். ஆனாலும் அதை அப்பா சொல்லிக் கேட்கும் ஆசை போகவேயில்லை. போன வருஷம், களுபோவில ஆஸ்பத்திரியில் அவருடைய கடைசிக் கிழமையில், கட்டிலருகே குனிந்து, "அப்பா, அந்தப் படை ஆத்தைக் கடந்ததோ?" என்று கேட்டேன்.

அப்பா முதலில் வாசலைப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து, "மெதுவாக் கதை, பிள்ளை. ஆருக்கும் கேட்டிடும்" என்றார்.