பாலத்தில நிண்ட மனுசன்

படத்துக்குக் காவல் நிக்கிறது சும்மா நிக்கிற வேலைதானே எண்டு சொல்லுறவை ஒருநாள் வந்து எட்டு மணித்தியாலம் நிண்டு பாருங்கோ. என்னைப்போலக் கால் வீங்கி வீட்ட போற சனங்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்லுறன்.

டொரோண்டோவில ஒரு ஓவியக்கூடம். பதினெட்டாம் நூற்றாண்டு இத்தாலி நகரங்களைக் கீறின படங்களை மூண்டு மாதம் வைச்சிருந்தினம். எனக்கும் மூண்டு மாதம்தான் தவணை. பிழை ஒண்டும் விடாமல் நிண்டால் வேலை நிரந்தரம். என்ர மனுசன் நாரி பிடிச்சு, இடுப்பை அசைக்கேலாமல் வீட்டில படுக்கை. இது போனால் நாங்கள் துலைஞ்சம்.

அறுபத்தொண்டு

பக்கத்து அறைக்கு யோகன் அண்ணை காவல். அந்தக் காலத்தில கள்ளப் பாஸ்போட்டில வந்து இஞ்ச பார்க்டேல் பக்கம் ஒரே அறைக்குள்ள ஏழு பேரோட இருந்தவர். நித்திரை வராமல் இருக்க, படத்தில இருக்கிற ஆக்களை எண்ணுறது அவற்ர பழக்கம். என்ர அறையில பெரிய வெனிஸ் படம். தெருவெல்லாம் தண்ணி, வள்ளங்கள், ஒரு கல்லுப் பாலம், அரிசி அளவில சனம். ரெண்டு பேருமா எண்ணிப் பாத்தம். பாலத்தில சிவப்புத் தொப்பியோட முதுகைக் காட்டிக்கொண்டு நிக்கிற மனுசனையும் சேத்து அறுபத்தொண்டு. அண்ணை சிரிச்சார்: "கூடினாலும் குறைஞ்சாலும் எனக்குச் சொல்லிப்போடாதேங்கோ, தங்கச்சி."

மில்லிக்கன் அன்ரி

ஒரு ஞாயிறு மில்லிக்கனில இருந்து ஒரு அன்ரி மகளோட வந்தா. படத்தைப் பாத்திட்டு, "தண்ணிக்கு மேல வீடு! உவையின்ர பேஸ்மென்ற் என்ன கதி?" எண்டு கேட்டா. காவல் நிக்கிறவள் சிரிக்கக் கூடாது, நான் சிரிச்சுப்போட்டன்.

அடுத்த அறைக்குப் போனவ திரும்பி வந்து என்ர சட்டைக் கையைப் பிடிச்சா. முகத்தில சிரிப்பில்லை. குரலைக் குறைச்சுக் கேட்டா: "பிள்ளை, உந்தப் பாலத்தில நிக்கிறவர் ஏன் என்னையே பாத்துக்கொண்டு நிக்கிறார்?"

வெளிவாசல்

அண்டைக்கு நான் திரும்பிப் பாக்கேல்லை, பயம். அடுத்த நாள் பாத்தன். உண்மைதான், முகம் எங்கட பக்கம்.

அதுக்குப் பிறகு ஒரு வியாழன் மத்தியானம், சனமில்லை. சாப்பிட்டிட்டு வந்து எண்ணினன், அறுபது. திரும்ப எண்ணினன், அறுபதுதான். பாலம் வெறுமை. படத்துக்குக் கீழ இருந்து அறை வாசல் வரைக்கும் ஈரக் காலடி. வெளியில நல்ல வெய்யில்! வாற போற ஆக்களைத் தானா எண்ணுற வாசல் மிசினைப் பாத்தன். உள்ள வந்தவையை விட வெளிய போனவை ஒராள் கூட.

வழமைக்கு மாறா எது நடந்தாலும் அறிக்கையில எழுதவேணும் எண்டது சட்டம். எழுதினால் விசரி எண்டுவினம், எழுதாட்டில் படத்தைப் பழுதாக்க விட்டது நான் எண்டுவினம். அழுதுகொண்டு அண்ணையிட்ட ஓடினன். அவர் வெளிறிப்போய் நிண்டார். நனைஞ்ச உடுப்போட, சிவப்புத் தொப்பியைக் கையில வைச்சுக்கொண்டு ஒருத்தர் வந்து வெளிவாசல் எங்க எண்டு சைகையால கேட்டாராம். அண்ணை வழி காட்டி விட்டிட்டார். "நீங்கள் எழுதுறதெண்டால் எழுதுங்கோ. தப்பி வந்தவனை நான் காட்டிக்குடுக்க மாட்டன், தங்கச்சி."

கடைசி நாள்

அந்த வியாழனே நிலத்தை நானே துடைச்சன். "எல்லாம் வழமைபோல" எண்டு எழுதிக் கையெழுத்தும் வைச்சன்.

மூண்டு மாதம் முடிஞ்சு படங்களைத் திருப்பி அனுப்ப முதல், அதுகள் வந்த நாளில எடுத்த போட்டோவோட ஒப்பிட்டுப் பாப்பினம். அதுக்கு வந்த அம்மா பூதக்கண்ணாடியோட பாலத்திலயே கனநேரம் நிண்டா. பக்கத்தில என்ர சுப்பவைசர். என்ர மாதாவே, வேலை போச்சு எண்டு நினைச்சன். போட்டோவை எட்டிப் பாத்தன். அதிலயும் பாலம் வெறுமை. அந்த அம்மா நிமிர்ந்து என்னைப் பாத்துச் சிரிச்சா: "ஒரு மாற்றமும் இல்லை. ஆனா இவ்வளவு சனத்தைக் கீறினவர் பாலத்தில மட்டும் ஏன் ஒருத்தரையும் கீறேல்லை?"

எனக்கு வேலை நிரந்தரமாச்சு, அந்த மனுசன் இப்ப இந்த ஊரில எங்கயோ ஒரு குளிர்க்கோட்டு வாங்கிப் போட்டிருப்பார், நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் காட்டிக்குடுக்கேல்லை.