மேல்வீட்டு ‘மனுசன்’

போன வாரம் மூன்று நாட்கள் வீட்டில் எனக்குச் சோறு கிடைத்தது. பேச்சு கிடைக்கவில்லை.

நான் செய்த குற்றம்? மேல்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த உர்சூலாவின் சூட்கேஸைப் படியில் தூக்கிக் கொடுத்தது. அறுபது வயதிருக்கும், பல்கலைக்கழகத்தில் ஏதோ ஆராய்ச்சி செய்கிறவர். ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரில் இருக்கும் எங்கள் கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது. இதில் என்ன தப்பு, சொல்லுங்கள்?

தப்பு சூட்கேஸில் இல்லை, அவர் பாடும் பாட்டில். மாலை ஆறு மணியானால் மேலே ‘டொங்… டொங்…’ என்று ஒற்றைத் தந்தி அதிரும். பிறகு உர்சூலாவின் குரல் — நெஞ்சைப் பிழிகிற குரல். பாஷை புரியாது. ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்பத் தெளிவாக விழும். மானுஷ்… மானுஷ்…

யாழ்ப்பாணத்தார் காதில் அது வேறு எப்படி விழும்? எங்கள் பேச்சில் ‘மனுசன்’ என்றால் புருஷன்.

“பாவம், மனுசனை நினைச்சு அழுறா,” என்றாள் என் மனைவி சாந்தி, முதல் நாள். இரண்டாம் நாள் அவளது மூளை வேலை செய்யத் தொடங்கிவிட்டது.

“இஞ்சாருங்கோ, ஜெர்மன்காரிக்கு இந்தச் சொல்லை ஆர் பழக்கினது?”

“எனக்கெப்பிடித் தெரியும்?”

“எங்கட ஆக்களிலைதான் ஆரோ ஒருத்தன் பழகிப்போட்டு விட்டிட்டுப் போயிருக்கிறான்.” என் பக்கம் திரும்பினாள். “நீங்கள் ஏன் அவவின்ர பெட்டியைத் தூக்கினனீங்கள்?”

அவ்வளவுதான். முப்பது வருடக் குடித்தனம் ஒரு சூட்கேஸில் ஆடியது. சிரிக்காதீர்கள் — உண்மையிலேயே பயந்துவிட்டேன். “நான் ஒண்டும் செய்யேல்லை” என்று சொல்லலாம்தான். செய்தவன் சொல்கிற வசனமும் அதுதானே?

ஐந்தாம் நாள் தந்தி அதிர்ந்ததும் சாந்தி செருப்பை மாட்டிக்கொண்டு மேலே ஏறினாள். நான் அரைமாடி கீழே நின்று… ஆமாம், ஒட்டுக்கேட்டேன்.

கதவு திறந்தது. கையில் வாத்தியத்தோடு உர்சூலா. சாந்தி ஜெர்மனில் நேராகவே கேட்டாள்: “யார் அந்த மனுசன்?”

உர்சூலாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அயல்வீட்டார் யாரும் இதுவரை அப்படிக் கேட்டதில்லையாம். சத்தத்தைக் குறைக்கச் சொல்லித்தான் கேட்டிருக்கிறார்கள். வங்காளத்துக் கிராமங்களில் பாடித் திரியும் பாவுல் பாடகர்களைத் தேடிப் போனது, அவர்களோடு தரையில் படுத்துப் பாட்டுப் பழகியது, அதற்காகவே வங்காள மொழி படித்தது — எல்லாவற்றையும் வாசலிலேயே கொட்டினார். ‘மொனேர் மானுஷ்’ என்றால் மனதுக்குள் இருக்கும் மனிதராம். அவரைத் தேடுவதுதான் அந்தப் பாட்டுகளின் உயிராம்.

“இருபத்தைந்து வருடமாகத் தேடுகிறேன். இன்னும் அகப்படவில்லை,” என்றார்.

ஒரே சொல்தான், பாருங்கள். வங்காளத்தில் கடவுளுக்குப் பக்கத்தில் நிற்கிறது. எங்கள் வீட்டில் சாரம் கட்டிக்கொண்டு டிவி பார்க்கிறது.

சாந்தி உள்ளே போய் ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்டுவிட்டு இறங்கி வந்தாள். முகத்தில் கோபம் இல்லை. நேரே அடுப்படிக்குப் போய்த் தேத்தண்ணி ஊற்றினாள். தப்பித்தேன் என்று மூச்சு விட்டேன்.

கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்:

“பாவம், அவவும் தேடிக்கொண்டுதான் இருக்கிறா.”

பள்ளிக்கூடத்தில் எனக்கு விளங்காத எச்ச உம்மை, அன்றைக்கு அந்த ‘அவவும்’ என்ற சொல்லில்தான் விளங்கியது.