நீல நீரும் பஞ்சடைப்பும்

போர்க்காலத்தில் சீனிக்குப் பங்கீடு வந்தபோது அருப்புக்கோட்டை முழுவதும் முணுமுணுத்தது. எங்கள் மூவருக்கு மட்டும் அது ஒருவகையில் வசதியாக அமைந்தது. காப்பிக் கடையில் சீனி வேண்டாம் என்று சொன்னால், ஏன் என்று கேட்பார் இல்லை. அதற்கு முன்பெல்லாம் கேட்பார்கள், கேட்டபின் இரங்குவார்கள், இரங்கியபின் தமக்குத் தெரிந்த வேர், பட்டை, கொட்டை அனைத்தையும் எடுத்துரைக்காமல் விடமாட்டார்கள். பங்கீட்டுச் சீனியை அண்டை வீட்டாருக்குக் கொடுத்துவிட்டதால் எங்கள் மதிப்பும் தெருவில் சற்று உயர்ந்திருந்தது.

மூவருள் ஒருவன் நான். தமிழாசிரியனாயிருந்து ஓய்வு பெற்றவன். மற்றொருவர் பஞ்சுத் தரகர். திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் ஊர்களில் காடுகாடாக நடந்து, குவியலுக்குள் கைவிட்டுப் பஞ்சின் தரம் சொல்பவர். மூன்றாமவர் எம்.ரெட்டியபட்டியைச் சேர்ந்த கத்தோலிக்கக் கைம்பெண். கன்னியர் மடத்து விடுதியில் நெடுங்காலம் சமையற் பொறுப்பில் இருந்தவர். வயதில் அவரே எங்களுக்கு மூத்தவர். சாதியாலும் சமயத்தாலும் தொழிலாலும் ஒன்றுசேர்ந்திருக்க வாய்ப்பில்லாத எங்களை ஒன்றுசேர்த்தது நீரிழிவு.

அரசு மருந்தகத்தின் வாயிலில்தான் முதன்முதலாகச் சந்தித்தோம். ஒவ்வொருவர் கையிலும் துணியில் சுற்றி மறைத்த ஒரு சிறு புட்டி. ஒருவர் மற்றவரைப் பார்ப்பதும் பார்வையைத் திருப்புவதுமாக இருந்தோம். தரகர்தாம் முதலில் வாய் திறந்தார்.

“வாத்தியாரையா, ஒங்க துணிக்குள்ளயும் நம்ம சரக்குத்தானா?”

“நீரிழிவு என்று மருத்துவர் ஐயுறுகிறார்” என்றேன்.

“சக்கரை வியாதின்னு சொன்னா வாய் இனிச்சுருமா? எப்படிச் சொன்னாலும் எறும்பு மொய்க்கத்தான் செய்யும்” என்றார் அந்த அம்மையார், எங்கள் இருவரையும் பாராமலே. அன்றே நட்பாகிவிட்டோம்.

சிறுநீரில் இனிப்பு உண்டா என்று அறிய அக்காலத்தில் ஒரு நீல நீர் இருந்தது. அதைச் சிறிது சோதனைக் குழாயில் வார்த்து, சிறுநீரில் சில துளி சேர்த்து, சாராய விளக்கின் சுடரில் காய்ச்ச வேண்டும். நீலம் நீலமாகவே நின்றால் நிம்மதி. பச்சையானால் எச்சரிக்கை. மஞ்சளானால் கவலை. செங்கல் நிறம் கண்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. மதுரையிலிருந்து வரவழைக்க வேண்டிய அந்த நீரை மூவரும் பொதுவில் வாங்கி வைத்துக்கொண்டோம். சனிக்கிழமைதோறும் என் வீட்டுப் பின்கட்டில் சோதனை நடக்கும். புட்டிகள் மாறிவிடாதிருக்க அவற்றின் கழுத்தில் தறிக்கழிவு நூலைச் சுற்றியிருந்தோம்: எனக்கு வெள்ளை, அம்மையாருக்குப் பச்சை, தரகருக்குச் சிவப்பு.

அம்மையார் பேருந்தில் வருவார். எண்ணெய்ப் பஞ்சத்தால் அக்காலப் பேருந்துகள் முதுகில் கரியடுப்பைச் சுமந்து, அதிலிருந்து எழும் கரிவாயுவில் ஓடின. சிறு மேடு வந்தாலும் பயணிகள் இறங்கித் தள்ள வேண்டும்.

“பஸ்ஸு எங்க என்னைய ஏத்திட்டு வருது? நாந்தான் அதைத் தள்ளிட்டு வாரேன். அதுலயே எனக்குப் பாதிச் சக்கரை எறங்கிப் போச்சு” என்பார்.

எங்களுக்குள் வேறொரு வழக்கமும் இருந்தது. மூவரையும் அழைத்த வீட்டுத் திருமணமானால் பந்தியில் மூவரும் அடுத்தடுத்து அமர்வோம். பாயசம் வரும்போது ஒரே நேரத்தில் மூன்று கைகள் இலையை மறைக்கும். தனியே மறுப்பவனை வற்புறுத்துவார்கள். சேர்ந்து மறுப்பவர்களை என்ன செய்ய முடியும்? இந்த ஏற்பாடு இல்லாதிருந்தால் நான் பல முறை வழுக்கி விழுந்திருப்பேன்.

இவ்வாறு சென்றுகொண்டிருந்த நாளில் தரகரின் காலில் புண் வந்தது. புதுச் செருப்பு பெருவிரலைக் கடித்திருக்கிறது. நீரிழிவால் மரத்த கால் ஆதலின் அவர் உணரவில்லை. ஒரு சனிக்கிழமை அவர் செருப்பைக் கழற்றி வைத்தபோது அம்மையார்தாம் கண்டார்.

“தம்பி, செருப்புல என்ன ஈரம்?”

“வர்ற வழியில தண்ணியில மிதிச்சிருப்பேன்.”

“இந்த ஊர்ல எங்க தண்ணியக் கண்டீக? காலத் தூக்குங்க.”

தூக்கினார். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

மருத்துவர் புண்ணைத் துடைத்துக் கட்டினார். நாள்தோறும் காலையில் போட வேண்டிய ஊசி மருந்தை மதுரையிலிருந்து தருவித்தார். பிறகு ஒளிவு மறைவின்றிச் சொன்னார்: இனிப்பு இறங்கினால் புண் ஆறும், இறங்காவிட்டால் மதுரைப் பெரிய மருத்துவமனையில் விரலை எடுக்க நேரும், விரலோடு நிற்கும் என்றும் உறுதி கூற முடியாது. வரவிருந்த ஒரு சனிக்கிழமையைக் குறிப்பிட்டு, அன்றைய நிறத்தைத் தமக்குத் தெரிவிக்கும்படி கூறினார். அப்போதும் செங்கல் நிறமே என்றால் திங்களன்று மதுரைக்குப் புறப்பட வேண்டியதுதான்.

வெளியே வந்ததும் தரகர் சொன்னது ஒன்றே. “நடக்காத தரகனுக்கு எவன்யா குவியலைத் தெறந்து காட்டுவான்?”

அதன்பின் நாங்கள் அவரைத் தனியே விடவில்லை. ஊசி போடும் வேளையில் நான் அருகில் இருப்பேன். மருந்துக் குப்பியை ஈர மணல் நிரப்பிய மண்பானையில் புதைத்துக் குளுமையாகக் காத்தோம். மணல் காயாமல் பார்ப்பதும் என் வேலையாயிற்று. அம்மையார் நகரில் இருந்த உறவினர் வீட்டில் வந்து தங்கி, தரகரின் மனைவியாருக்கு வரகும் குதிரைவாலியும் அளவாகச் சமைக்கப் பழக்கினார். செல்வாக்கோடு நெல்லுச்சோறு உண்டு வாழ்ந்த மனிதர், வரகுச் சோற்றைப் பார்த்ததும் முகம் சுளித்தார். அம்மையாரும் அதையே ஒரு தட்டில் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். தரகருக்குப் பெருவிருப்பமான கருப்பட்டி மிட்டாயின் பெயரையே யாரும் எடுப்பதில்லை.

குறித்த சனிக்கிழமை வந்தது. தரகர் மனைவியாரோடு வில்வண்டியில் வந்து இறங்கி, பின்கட்டில் நாற்காலியில் அமர்ந்து, கட்டுப்போட்ட காலை முக்காலியில் நீட்டிக்கொண்டார். சிவப்பு நூல் சுற்றிய புட்டியை அவரே என்னிடம் தந்தார். நான் விளக்கை ஏற்றினேன்.

நீலம் கொதித்தது. பச்சையாயிற்று. பச்சையில் நின்றுவிடும் என்று எண்ணினேன், நிற்கவில்லை. மஞ்சளைக் கடந்து செங்கல் நிறத்துக்கே போயிற்று. குழாயைக் கழுவி மீண்டும் காய்ச்சினேன். மீண்டும் அதே நிறம். நூலைப் பார்த்தேன், சிவப்பு நூல்தான். புட்டி மாறவில்லை.

“தம்பி, மறைக்காமச் சொல்லுங்க. மிட்டாய்க் கடைப் பக்கம் போனீகளா?” என்றார் அம்மையார்.

“இந்தக் காலை வச்சுக்கிட்டு எங்கிட்டுப் போக? கடை நடந்து வந்தாத்தான் உண்டு.”

“ஆள் விட்டு வாங்கலாம்ல?”

தரகர் எதற்கும் சிரிப்பவர். அன்று சிரிக்கவில்லை. “யக்கா, இத்தனை நாளா நீங்க போட்டதைத் தின்னேன். நீங்க குடிக்கச் சொன்னதைக் குடிச்சேன். நான் வேற ஒண்ணும் திங்கல. நம்புனா நம்புங்க, நம்பாட்டிப் போங்க.”

“அவுக திங்கல மதினி. கருப்பட்டிப் பானையக்கூட எங்கம்மா வீட்டுக்குக் குடுத்து விட்டுட்டேன். வீட்டுல இனிப்புன்னு ஒண்ணு கெடையாது” என்றார் மனைவியார்.

அம்மையாரின் முகம் தெளியவில்லை. எனக்கு எப்பக்கம் நம்புவது என்று தெரியவில்லை. நிறம் பொய் சொல்லாது. நண்பரும் பொய் சொல்பவர் அல்லர்.

தரகர் மனைவியை நோக்கி, “சரி, மருதைக்கே போவோம். தராசை மச்சினன்கிட்டக் குடுத்துரு. படிக்கல்லை மட்டும் நீயே வச்சுக்க” என்றார். அமைதியாகச் சொன்னார். அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. ஏதேனும் ஒரு வேலை வேண்டும் என்பதற்காகப் புட்டிகளை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். மூன்றையும் கழுவித் துவைகல்லின்மேல் கவிழ்த்து, தக்கைகளை அலசி அவற்றின் அருகே ஒவ்வொன்றாக வைத்துவிட்டுத் திரும்பினேன்.

பின்னர் அம்மையார் தம் புட்டியை எடுத்துவர எழுந்து சென்றார். சென்றவர் வெகுநேரம் வரவில்லை. கிணற்றடியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

“வாத்தியாரையா, இங்கன வாங்க.”

துவைகல்லின்மேல் எறும்புச் சாரை ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. என் தக்கையைக் கடந்து, அம்மையாரின் தக்கையையும் கடந்து, தரகருடையதில் போய் முடிந்தது. அதன் அடிப்புறத்தில் புழு அரித்த குழி ஒன்று இருந்தது. எறும்புகள் அதற்குள் நுழைவதும் வெளிவருவதுமாக இருந்தன. அம்மையார் ஊக்கு ஒன்றால் அக்குழியைக் கீறினார். சர்க்கரைபோல் உறைந்து மணல்மணலாயிருந்த மஞ்சட்பொருள் ஒன்று நுனியில் ஒட்டி வந்தது.

தக்கையைக் கொண்டுபோய்க் காட்டினோம். தரகரின் மனைவியார் அதை வாங்கிப் பார்த்தார். பார்த்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“பழைய தக்கை உதுந்து போச்சு மதினி. சண்டைக் காலத்துல தக்கை எங்க கெடைக்குது? பேரப்பிள்ளைக்கு மருந்து கொழைக்கிற தேன் புட்டி காலியாக் கெடந்துச்சு. அதோட தக்கைய எடுத்து இன்னைக்குக் காலையில இதுல மாட்டுனேன். இவுக புட்டிய வெந்நியில போட்டுத்தான் கழுவுனேன். தக்கைய மட்டும் சும்மா அலசுனேன்.”

வில்வண்டியின் குலுக்கலில் புட்டி வழிநெடுகப் புரண்டு வந்திருக்கிறது. குழியில் இருந்த தேன் கரைந்து இறங்கியிருக்கிறது. இது என் ஊகம். ஊகத்தை நம்பி ஒருவர் காலைத் தீர்மானிக்கலாகாது என்பதால், கழுவிய புட்டியில் சிறிது கிணற்று நீரை எடுத்து, அதே தக்கையால் மூடி, கை வலிக்கும்வரை குலுக்கிக் காய்ச்சினேன். நீலம் பச்சையாகி மஞ்சளாயிற்று.

தரகர் குழாயை உற்றுப் பார்த்தார். “அப்ப ஒங்க கெணத்துக்கும் சக்கரை வியாதியா வாத்தியாரையா?”

முதலில் சிரித்தவர் அவர் மனைவியார். சிரிப்பும் அழுகையும் அவரிடம் ஒன்றாகவே வந்தன. ஆயினும் உண்மையான விடை இன்னும் வரவில்லை. வெந்நீரில் கழுவிய கண்ணாடிக் குவளை ஒன்றைத் தரகரிடம் கொடுத்தேன். அவர் என் தோளைப் பற்றிக்கொண்டு சுவருக்கு அப்பால் போனார். சோதனைக்கு இவ்வளவு ஆவலாய் எவரும் அப்பக்கம் சென்றதை நான் கண்டதில்லை.

மீண்டும் விளக்கு. நீலம் கொதித்தது. பச்சைச் சாயல் ஒன்று வந்தது. அம்மையார் உதட்டுக்குள் செபித்தார். சாயல் அவ்வளவில் நின்றது. இறக்கி வைத்து ஆறவிட்டோம். அப்போதும் அது மாறவில்லை. நீலத்தில் இளம்பச்சை, வேறெதுவும் இல்லை.

அம்மையார் நெடுமூச்சு விட்டார். பிறகு தரகரின் அருகே சென்று நின்றார். மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன்.

“ஊரு பஞ்சையெல்லாம் வெலை பேசுறீக. ஒரு புட்டிய அடைக்க வீட்டுல விரக்கடைப் பஞ்சு இல்லையாக்கும்?” என்றார். சொல்லிவிட்டு அவர் காற்கட்டின் அவிழ்ந்த முனையைக் குனிந்து செருகினார். தரகர் அதையே மன்னிப்பாக ஏற்றுக்கொண்டார். அன்று அம்மையார் சாப்பாட்டுக்கு உறவினர் வீட்டுக்குப் போகவில்லை. எங்களோடிருந்து வரகுச் சோறு உண்டார். தரகர் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக்கொண்டார். “இப்பத்தான் இது சோறு மாதிரி இருக்கு” என்றார்.

திங்களன்று மருத்துவர் நடந்ததையெல்லாம் கேட்டறிந்தார். தாமும் ஒருமுறை சோதித்தார். புண்ணின் விளிம்பை அழுத்திப் பார்த்துவிட்டு, மதுரைக்குப் போக வேண்டாம் என்றார். தரகர் அவரைக் கும்பிட்டார். வெளியே வந்து என்னையும் கும்பிட்டார். குதிரை வண்டிக்காரனையும் கும்பிட்டார். புண் ஆற நாள் பிடித்தது. விரல் நின்றது. நகம் மட்டும் பிறகு ஒழுங்காக வளரவேயில்லை.

பஞ்செடுப்புக் காலத்தில் அவர் மீண்டும் கரிசற் காட்டில் இறங்கினார். துணிச் சப்பாத்து அணிந்து போனார். திருச்சுழிச் சம்சாரிகளாகிய உழவர்கள், அவரையும் பட்டாளத்துக்கு எடுத்துவிட்டார்களா என்று கேலி செய்தார்களாம். மாலையில் வீடு திரும்பியதும் மனைவியாரிடம் காலை நீட்டிக் காட்டிய பிறகே கைகழுவுவார். சனிக்கிழமைகளில் எங்கள் பாதங்களையும் ஒருவர்க்கொருவர் காட்டுவது வழக்கமாயிற்று. நானும் பார்வையைத் திருப்பிக்கொள்ளும் பழக்கத்தை விட்டுவிட்டேன்.

அப்பருவத்தின் முதற் சனிக்கிழமை தரகர் மடியிலிருந்து பஞ்சை எடுத்து, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே இழுத்து, இழை பார்த்து, மூன்று உருண்டைகளாகத் திரட்டினார்.

“வாத்தியாரையாவுக்குக் கருங்கண்ணிப் பஞ்சு. இழை குட்டை, ஆனா உறுதி.”

“எனக்கு?” என்றார் அம்மையார்.

“ஒங்களுக்குக் கொட்டை எடுக்காத பஞ்சு. கொஞ்சம் உறுத்தட்டும்.”

“உறுத்தட்டும் தம்பி. இருக்கிற கை காலு உறுத்துனாத்தான் நமக்கு நல்லது.”

மூன்று புட்டிகளிலும் பஞ்சு ஏறியது. நான் விளக்கை ஏற்றினேன்.