லபுயான்காரியின் பேச்சு

மர்பி டவுன் ஏசி மெக்கானிக் தியோடருக்கு வாய்தான் மூலதனம். முதலாளியிடம் கன்னடம், கடையில் உருது, சர்ச்சில் தமிழ் என்று வெளுத்துக்கட்டுவார். துபாயில் வேலை பார்த்தபோது கட்டிக்கொண்டு வந்த குளோரியாவின் மொழியில் மட்டும் மனுஷருக்கு ஒரு வார்த்தை தெரியாது. பிலிப்பைன்ஸில் லபுயான் என்ற ஊரில் பிறந்த சுபானென் பழங்குடிப் பெண் அவள். இருபத்திரண்டு வருடத்தில் தமிழ் கற்று, சர்ச் பாட்டுக்குழுவில் பாடவும் செய்தாள். கற்றுக்கொள்ள வேண்டியவள் அவள்தான் என்று வீட்டில் எல்லோருமே நினைத்தார்கள்.

பக்கவாதம் வந்தது. தமிழும் ஆங்கிலமும் போய், தாய்மொழி மட்டும் அவளிடம் மிஞ்சியது. ஒரே கேள்வியை நாள் முழுக்கக் கேட்டாள். தியோடர் தமிழில் என்னென்னவோ பதில் சொல்லிப் பார்த்தார்.

மணிலாக்கார நர்ஸ் ஒருத்தியைக் கூட்டி வந்தார். அந்த நர்ஸ் பேசுவது வேறு பிலிப்பைன்ஸ் மொழி, அவளுக்கு எதுவும் புரியவில்லை. டாக்டரோ இனி நாள் கணக்குதான் என்று சொல்லிவிட்டார். அலைந்து திரிந்து, நீலசந்திராவில் தங்கிப் படிக்கும் மரிசெல்லைக் கண்டுபிடித்தார். அவளும் சுபானென்தான், ஆனால் சியோகோன் பக்கம். பாதி புரிகிறது, பாதி நழுவுகிறது என்றாள். ஒரே ஜனம்தானே என்று தியோடருக்குக் கோபமே வந்துவிட்டது. தங்கள் ஜனம் ஆற்றுக்கு ஆறு பிரிந்து குடியிருந்தது, பேச்சும் கூடவே பிரிந்தது என்று அவள் பொறுமையாகச் சொன்னாள். அவளுடையது மேற்குக் கிளை. அது தனியாக விலகிப் போய்விட்டது. லபுயான் பேச்சுக்கு சிண்டாங்கான் பேச்சுதான் நெருக்கமாம்.

சிண்டாங்கானில் இருக்கும் தோழியை உடனே வீடியோவில் அழைத்தாள். தோழி இரண்டு தரம் கேட்டுவிட்டு விளக்கினாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இந்த மனிதர் ஏன் என்னோடு பேசவே மாட்டேன் என்கிறார் என்பதுதான் குளோரியாவின் கேள்வி.

“நான் பேசிட்டேதான் இருக்கேன் குளோரி” என்று தமிழில் சொல்லி உடைந்து அழுதார் தியோடர்.

‘நான் இங்கேதான் இருக்கிறேன், பேசு’ என்பதை அந்தப் பேச்சில் எப்படிச் சொல்வது என்று தோழியிடம் கேட்டு, தமிழ் எழுத்தில் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டார். மரிசெல் வகுப்புக்குப் போனபின் அதைப் படித்தார். குளோரியாவின் முகம் மலர்ந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இத்தனை வருடம் சொல்லாததையெல்லாம் கொட்டினாள். போனை எடுத்து அவள் பேசுவதைப் பதிவு செய்யலாம்தான். பிடித்த கையை விட மனசு வரவில்லை. அவள் மூச்சு வாங்க நிறுத்தும்போதெல்லாம் அந்த ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார்.

அன்று மத்தியானம் அவள் மூச்சு அடங்கிப்போனது. என்ன சொன்னாள் என்று மர்பி டவுனில் யாருக்கும் தெரியாது.