வெல்லத்தண்ணீர் தெளித்த தாள்

கதிர் அறுத்தபின் மாட்டுக்குப் போடும் சாமைத் தாளில் சர்க்கரை இருக்கிறது என்றால் மலைமேல் மாரமங்கலத்தில் சிரிப்பார்கள். இருக்கிறதுதான், ஆனால் உள்ளே இறுகப் பூட்டிக்கொண்டு இருக்கிறது. தாளை நீர்த்த அமிலத்தில் ஊறவைத்து, குக்கரில் வைப்பதுபோல் அழுத்தத்தில் வேகவைத்தால் சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து நீரில் இறங்கும். இதற்குத்தான் என் ஆராய்ச்சிப் பட்டம். நான்கு வருஷமாக இறங்கியதெல்லாம் என் உடம்புதான்.

தாளுக்காக மாதம் ஒருமுறை சேலத்திலிருந்து பஸ் ஏறுவேன். அடிவாரம் தாண்டினால் தலை சுற்றும். தாள் கொடுத்தவர் என் வயதுப் பெண். சாமையும் மிளகும் போட்டிருந்தார், இரண்டு மாடுகள் வைத்திருந்தார். ஒருநாள் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து, சர்க்கரை வந்து தொலைக்கமாட்டேன் என்கிறது, இந்த வருஷமும் முடிக்க முடியாது போல என்று அழுதே விட்டேன். அவர் டீ கொடுத்தார்.

அடுத்து வாங்கிய தாள்கட்டிலிருந்து சர்க்கரை ஏறியது. அமிலத்தைச் சற்றுக் கூட்டியிருந்தேன், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு கைப்பிடித் தாளை வெறும் தண்ணீரில் ஊறவைத்து, அதிலும் சர்க்கரை இறங்குகிறதா என்று ஒப்பிட்டிருக்க வேண்டும். ஆரம்பத்தில் செய்ததுதானே என்று விட்டுவிட்டேன். அலுப்பு, வேறென்ன. என் பேராசிரியர் முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். ஆய்வேட்டை எழுதத் தொடங்கச் சொன்னார்.

கடைசிக் கட்டு வாங்கப் போன அன்று முந்தைய பஸ்ஸே கிடைத்துவிட்டது. நான் போனபோது அந்தப் பெண் மாட்டுக்கொட்டகை முன்னால் எனக்கான தாளை வெயிலில் விரித்து, சொம்பிலிருந்து எதையோ தெளித்துக்கொண்டிருந்தார். வெல்லத்தண்ணீர் என்றார். மாடு தாளைத் தின்னாமல் அடம்பிடித்தால் அப்படித் தெளித்துத்தான் போடுவார்களாம்.

"எத்தனை நாளா இப்படிங்க?"

"அன்னிக்கு அழுதுட்டுப் போனீங்களே, அதுலருந்துதானுங்க. சக்கரை வரலைன்னு நொம்ப வாடிப் போயிருந்தீங்க. மனசு கேக்கலைங்க."

சுவரில் சாய்ந்துகொண்டேன். வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது என்று அந்த நிமிஷமே தோன்றியது, வெட்கத்தோடுதான் சொல்கிறேன். பிறகு, தெளிக்காத தாள் ஒரு கட்டு இருக்குமா என்று கேட்டேன். இருந்தது.

மறுநாள் பேராசிரியரிடம் சொல்லிவிட்டேன். என் முகத்தைப் பார்க்காமல், அந்த எண்களையெல்லாம் அடித்துவிடச் சொன்னார். மறுபடியும் முதலிலிருந்து. என் மேல்தான் கோபம் வந்தது, அந்தப் பெண்ணின் மேல் வரவே இல்லை. நான்கு வருஷத்தில் என் சர்க்கரைக்காகக் கவலைப்பட்டது அவர் ஒருவர்தான்.