சீதன மேசையின் நாலு அங்குலம்

முதலில் விழுந்தது தேத்தண்ணிக் கோப்பை. பிடித்திருக்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் வலது கைச் சின்ன விரலும் அதற்கு அடுத்த விரலும் என்னுடையவையாக இல்லை. நிலத்தில் ஓடுகிற தேத்தண்ணியைப் பார்த்த பிறகுதான் கோப்பை கையை விட்டுப் போனதே தெரிந்தது.

மனைவி குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள்.

"கோப்பை போனால் போகட்டும். ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறியள்?"

"கை விறைச்சுப் போச்சு. பாரிசவாதமோ தெரியேல்லை."

"போன மாசம் நெஞ்சுநோ எண்டியள். அது ஏப்பத்தோடை போச்சு."

அவள் சொன்னது பிழையில்லை. நான் யோசித்து யோசித்தே தேய்கிற ஆள். சைக்கிளில் வெளிக்கிட்டால் பாதி வழியில் திரும்பிவந்து கதவு பூட்டியிருக்கிறதோ என்று பார்ப்பேன். ஆனால் அன்று யோசிப்பதற்கு உண்மையாகவே விஷயம் இருந்தது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அப்பா படுக்கையில் விழ, தோட்டத்தைப் பார்க்க ஆள் இல்லாமல் மறித்துவிட்டார்கள். பிறகு தமிழ் ரைப்பிங் பழகினேன். எனக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். அந்தத் தொழில் முழுவதும் பத்து விரலுக்குள் இருந்தது. அதில் இரண்டு இப்போது கோப்பையைப் பிடிக்க மாட்டேன் என்றன.

நாங்கள் புத்தூரில் இருந்தோம். நல்லூரில் ரியூட்டரி நடத்துகிற உயிரியல் மாஸ்டர் ஒருவர் தன் பாடக் குறிப்புகளைக் கையால் எழுதித் தருவார். நான் அவற்றை ஸ்டென்சிலில் அடித்துக் கொடுப்பேன். கையால் சுற்றுகிற றோணியோ மெசினில் ரியூட்டரியில் பிரதி எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். ரைப்ரைட்டரும் மாஸ்டருடையதுதான். அந்த முறை எழுபத்திநாலு ஸ்டென்சில். மாதம் முடியமுன் வேண்டும், பிள்ளைகளுக்குச் சோதனை வருகிறது என்று சொல்லியிருந்தார். கோப்பை விழுந்த அன்று பதினொன்றுதான் முடிந்திருந்தது.

"ஏலாதெண்டால் இப்பவே சொல்லும் தம்பி," என்றும் சொல்லியிருந்தார். "ரியூட்டரிக்குப் பக்கத்திலை ஒரு பிள்ளை நல்லா அடிக்குதாம். மெசினை அங்கை மாத்திவிடலாம்."

"ஏலும் மாஸ்டர்," என்றேன். ஏலாது என்று யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லை எனக்கு.

ஸ்டென்சில் அடிப்பது கடிதம் அடிப்பது போல இல்லை. மை றிபனைக் கழற்றிவிட வேண்டும். வெறும் எழுத்து மெழுகுத் தாளை வெட்டிக்கொண்டு போகும். மெதுவாகத் தட்டினால் வெட்டாது. கூடத் தட்டினால் வட்டமுள்ள எழுத்துகளின் நடுப்பகுதி கழன்று விழுந்து, பிரதியில் மைப் பொட்டாக வரும். கடுநீலத் தாளில் வெட்டுப்பட்டது கண்ணுக்குத் தெரியவும் தெரியாது. வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து சரிவாக விழுந்தால்தான் எழுத்து நிழல் கட்டும். அந்த நாளில் ஸ்டென்சில் கிடைப்பதே அருமை. ஒன்று பழுதானால் அடுத்தது எங்கே தேடுவது?

தொண்ணூறில் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு எங்களுக்குக் கரண்ட் இல்லை. மண்ணெண்ணெயும் சமையலுக்கே காணாது. ஆகவே சூரியன் தருகிற நேரம்தான் என் வேலை நேரம். அதிலும் நான் ஒரு மடைத்தனம் செய்திருந்தேன். மெசின் வந்தது விசயதசமிக்கு. கிழக்குப் பார்த்து வைத்தால்தான் தொழில் விளங்கும் என்று, அறையில் இருந்த ஒரேயொரு யன்னலுக்கு நேர் முன்னால் மேசையைப் போட்டுச் சந்தனம் குங்குமம் வைத்துத் தொடங்கிவிட்டேன். அந்த யன்னல் கிழக்குச் சுவரில். காலை முழுவதும் வெயில் கண்ணுக்குள் அடிக்கும், ஸ்டென்சில் கறுப்பாகக் கிடக்கும். நான் கழுத்தை நீட்டி, முகத்தைத் தாளோடு ஒட்டிக்கொண்டு அடிப்பேன். மேசையோ சாப்பாட்டு மேசை. மனைவிக்குச் சீதனமாக வந்தது. அதன் மேல் மெசினை வைத்தால் என் முழங்கை காகத்தின் செட்டை மாதிரி மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். அப்படித்தான் ஒரு வருடம் அடித்திருந்தேன். கை நோவதற்குக் காரணம் நாவூறு என்று உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டோமே தவிர, மேசையை ஒருவரும் பார்க்கவில்லை.

பார்க்க வைத்தது பங்கர், குண்டுக்குப் பயந்து வளவுக்குள் வெட்டிவைத்த பதுங்குகுழி.

கோப்பை விழுந்து இரண்டாம் நாள் காலை. ஆமியின் ஹெலி தலைக்கு மேலே சுற்றத் தொடங்கிப் போகாமலே நின்றது. எனக்கு மெசினைப் பற்றிய பயம். வீட்டில் குண்டு விழுந்தால் மாஸ்டரின் மெசினுக்கு நான் எங்கே போவது? அதைத் தூக்கிக்கொண்டே பங்கருக்குள் இறங்கினேன். மனைவி, "என்னைத் தூக்கேல்லை, மெசினைத் தூக்கினியள். இருக்கட்டும், இருக்கட்டும்," என்று கொண்டு பின்னால் வந்தாள். உள்ளே ஒரு பழைய தேயிலைப் பெட்டி, குந்துவதற்கு மண்மூட்டை. பெட்டியில் மெசினை வைத்து, சும்மா இருந்தால் யோசனை கூடும் என்று ஒரு ஸ்டென்சிலைச் செருகி அடித்தேன். வாசலால் விழுந்த வெளிச்சம் இடது பக்கமாக வந்தது. கழுத்தை நீட்டாமலே எழுத்துத் தெரிந்தது. ஹெலி போகும்போது ஒரு ஸ்டென்சில் முக்கால்வாசி முடிந்திருந்தது.

மேலே வந்து நின்றபோதுதான் உணர்ந்தேன், கை நோகவில்லை.

"நான் இனிப் பங்கருக்குள்ளையே இருந்து அடிக்கப் போறன்," என்றேன்.

"இருங்கோ, இருங்கோ. பாம்பும் துணைக்கு வரும்."

பாம்பு என்றதும் அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன். ஆனால் ஒரு சணல் கயிற்றை எடுத்துக்கொண்டு திரும்ப இறங்கி, மண்மூட்டையிலிருந்து மெசினின் எழுத்துக் கட்டைகள் வரையும் எவ்வளவு உயரம் என்று பிடித்து முடிச்சுப் போட்டேன். அறைக்குள் வந்து கதிரையிலிருந்து பிடித்துப் பார்த்தேன். கயிறு நாலு அங்குலம் காணாது. என்னைத் தின்றுகொண்டிருந்தது பாரிசவாதமும் இல்லை, நாவூறும் இல்லை. அந்த நாலு அங்குலம்தான்.

இன்றைக்குக் கம்பியூட்டருக்கு முன்னால் நாள் முழுக்க இருக்கிற பிள்ளைகள் கதிரைக்கு ஒரு திருகு, மேசைக்கு ஒரு திருகு என்று ஏற்றி இறக்குகிறார்கள். எனக்கு அந்தத் திருகு இல்லை. கதிரைக் கால்களுக்குக் கீழே நாலு சீமெந்துக் கல்லை வைத்தேன். உயரம் சரியாக வந்தது. கால் இரண்டும் தொங்கியது. அரை மணித்தியாலத்தில் கைக்குப் பதில் கால் விறைத்தது. அதைப் பொறுத்திருப்பேன். ஆனால் பின்னேரம் குண்டு போடுகிற பொம்மரின் சத்தம் கேட்டு நான் துள்ளி எழும்ப, கல் புரள, கதிரையோடு சேர்ந்து நிலத்தில் கிடந்தேன்.

மனைவி ஓடிவந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "பொம்மர் ஒண்டும் போடேல்லை. உங்களை நீங்களேதான் போட்டியள்."

நான் நிலத்தில் கிடந்தபடியே சொன்னேன். "மேசையின்ரை காலை வெட்டப் போறன்."

அவள் சிரிப்பு நின்றது.

மறுநாள் காலை, அடுத்த வளவில் இருக்கிற மாமாவுக்கு, அதாவது மனைவியின் அப்பாவுக்கு, எப்படியோ தெரிந்துவிட்டது. சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"தம்பி, உது என்ன மரம் எண்டு தெரியுமோ உமக்கு?"

"முதிரை, மாமா."

"முதிரை. எட்டுப் பேர் இருந்து சாப்பிடுற மேசை. என்ரை பிள்ளைக்கெண்டு பாத்துப் பாத்துச் செய்விச்சது. அதின்ரை காலை வெட்டுறதும் என்ரை காலை வெட்டுறதும் ஒண்டுதான்."

மாமாவுக்கு முன்னால் நான் கதிரையில் கூட முழுதாக இருந்ததில்லை. ஆனால் கையை மடக்கிப் பார்த்தேன். சின்ன விரல் வரவில்லை. "வெட்டாட்டில் எனக்குத் தொழில் இல்லை, மாமா," என்றேன்.

"வேறை மேசை பாரும்."

"இருக்கிற பலகையெல்லாம் பங்கருக்கு மேலை போட்டாச்சு. எங்கை பாக்கிறது?"

அப்போது மனைவி கதவடியிலிருந்து கதைத்தாள். "அப்பு, உந்த மேசை ஆருக்குத் தந்தது?"

"உனக்குத்தான். சீதனம்."

"சீதனம் பெம்பிளையின்ரை சொத்து எண்டு நீங்கள்தானே கலியாணத்தண்டு சபைக்கு முன்னாலை நிண்டு சொன்னியள். மாப்பிள்ளை விக்கவும் ஏலாது, ஈடு வைக்கவும் ஏலாது எண்டு. அவர் வெட்டவும் ஏலாது, சரி. நான் வெட்டுறன்."

மாமா அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். பிறகு போய்விட்டார். கோவித்துக்கொண்டு போனார் என்று நான் யோசிக்கத் தொடங்கினேன். கால் மணித்தியாலம் கழித்து மரம் அரிகிற வாளோடு திரும்பி வந்தார்.

"நீங்கள் ரெண்டு பேரும் வெட்டினால் மேசை நொண்டும். விடுங்கோ, பாப்பம். எவ்வளவு?"

நான் கயிற்றைக் காட்டினேன். முதிரை இலேசில் அரிபடுகிற மரம் இல்லை. மத்தியானம் வரையும் நாலு காலோடும் மல்லுக்கட்டினார். ஒவ்வொரு துண்டு விழும்போதும், "போச்சு, அறுபது வருஷம் நிக்க வேண்டிய மேசை," என்றார். வெட்டி முடிந்ததும் மேசையின் நாலு மூலையையும் அழுத்தி ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. முகத்தில் கொஞ்சம் திருப்தி தெரிந்தது.

அது நீடிக்கவில்லை. நான் மேசையைத் தெற்குப் பார்த்துத் திருப்பத் தொடங்கினேன்.

"ஐயோ, ஐயோ. தெற்குப் பாத்து இருந்து ஆரும் தொழில் செய்வினமே? யமன்ரை திசையடாப்பா!"

"யன்னல் கிழக்கிலை, மாமா. இடது பக்கத்தாலை வெளிச்சம் வரவேணுமெண்டால் தெற்குத்தான் பாக்கவேணும்."

"வடக்குப் பாரும்."

"வடக்குச் சுவரிலை கதவு. பங்கருக்கு ஓடுறது அதாலைதான். மேசையாலை அதை அடைச்சுப்போட்டு யமனுக்குத் தெற்கெண்டால் என்ன, வடக்கெண்டால் என்ன?"

எனக்கே ஆச்சரியமாக இருந்தது, இவ்வளவு கதைத்தது. மாமா சால்வையை எடுத்துக்கொண்டு, "ஒரு நூலாவது கட்டிப்போட்டு இரும்," என்று போனார். மனைவி மெசினின் பிடியில் ஒரு மஞ்சள் நூல் கட்டிவிட்டாள். அதில் எனக்கு மறுப்பு இல்லை.

ஆனால் தெற்குப் பார்த்து இருந்தால் கதவு முதுகுக்குப் பின்னால். என்னைப் போன்ற ஆளுக்கு அது பெரிய தொல்லை. முகம் வழிக்கிற கண்ணாடியை யன்னல் சட்டத்தில் மாட்டிக் கதவு தெரியும்படி சரித்துவைத்தேன். குறிப்புத் தாளை மேசையில் கிடத்தி வைத்துக் குனிந்து குனிந்து பார்த்துத்தான் கழுத்துப் போனது. ஒரு பலகைத் துண்டை ஓட்டுத் துண்டில் சாத்தி, சைக்கிள் ரியூப்பில் வெட்டிய வளையத்தால் தாளை அதில் இறுக்கினேன். கண்ணுக்கு நேரே வந்தது. மெசினுக்குக் கீழே நாலாய் மடித்த சாக்கு. கதிரையின் பிரம்பு தொய்ந்து குழி விழுந்திருந்தது. அதற்குமேல் பலகையும், அதற்குமேல் பஞ்சுத் தலையணையும்.

"ராசா மாதிரி இருக்கிறியள்," என்றாள் மனைவி. "கண்ணாடியைப் பாத்துப் பாத்து அடிச்சால் மெசின் வெக்கப்படப் போகுது."

எல்லாம் செய்தும் முதல் மூன்று நாளும் நோவு குறையவில்லை. அப்போது வந்த யோசனையை நான் சொல்லி முடியாது. மேசையையும் வெட்டியாயிற்று, மாமாவையும் பகைத்தாயிற்று, தெற்கையும் பார்த்தாயிற்று. கையும் போனால்? ஆனாலும் விடாமல் இருந்து அடித்தேன். ஒரு விஷயம் விளங்கியது: எவ்வளவு நல்ல கதிரை என்றாலும் அதிலேயே ஒட்டிக்கிடந்தால் பலன் இல்லை. அதன் பிறகு ஒவ்வொரு ஸ்டென்சில் முடியவும் எழும்பிப் படலை வரையும் நடந்து, கையைத் தொங்கவிட்டு உதறிவிட்டு, திரும்பி வருவேன். முன்வீட்டுக்காரர் இரண்டு நாள் பார்த்துவிட்டுக் கேட்டார், "என்ன தம்பி, ஆரையும் எதிர்பாக்கிறீரோ? படலைக்கும் வீட்டுக்கும் நடக்கிறீர்."

"ஓம் அண்ணை. ரெண்டு விரலை."

அவருக்கு விளங்கியிருக்காது. விடிந்ததும் தொடங்குவேன், வெயில் உச்சிக்கு வர நிறுத்துவேன், பின்னேரம் வெளிச்சம் சரிகிற மட்டும் திரும்ப. ஒரு நாளில் எட்டு. ஒன்பதாவதைச் செருகிய நாட்களில் அடுத்த நாள் விரல் மரத்தது. எட்டோடு நிறுத்தினால் மரக்கவில்லை. இரண்டு முறை சோதித்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு எவ்வளவு பயம் வந்தாலும் ஒன்பதாவதைச் செருகவில்லை. பயந்தவனுக்கு வேகமாக ஓடத்தான் தெரியும். இருந்த இடத்தில் நிற்பதற்கு நான் அப்போதுதான் பழகினேன்.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்க எழுபத்திநாலாவதும் முடிந்தது. அன்றைக்கே மாஸ்டர் சைக்கிளில் வந்தார். அறைக்குள் வந்து மேசையைப் பார்த்துவிட்டு, "இதென்ன, பாலர் வகுப்பு மேசையோ?" என்றார். நான் சிரிக்கவில்லை. அவர் ஸ்டென்சில்களை ஒவ்வொன்றாக யன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். சிவப்பு மருந்து பூசித் திருத்திய இடங்களுக்கு மேலே எண்ணுவது போல விரலை அசைத்தார். கடைசியில் சுருட்டிப் பையில் வைத்தார்.

"முந்தியதுகளை விட வெட்டு ஒரே சீரா இருக்கு," என்றார். பையிலிருந்து இன்னொரு குறிப்புக் கட்டையும் புது ஸ்டென்சில்களையும் எடுத்து மேசையில் வைத்தார். "இது விலங்கியல். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு அடிச்சால் ரெண்டு கிழமையிலை முடிச்சிடுவீர்."

ஓம் மாஸ்டர் என்று என் வாய் தானாகவே திறந்தது. கதவடியில் மனைவி நின்றதைக் கண்ணாடிக்குள் கண்டேன்.

"எட்டு, மாஸ்டர்," என்றேன். "எட்டுக்கு மேலை அடிக்க மாட்டன்."

"பிள்ளையளுக்குச் சோதினை..."

"எட்டெண்டால் கடைசி மட்டும் அடிப்பன். பன்னிரண்டெண்டால் பாதியிலை என்ரை கை நிண்டுபோகும். பிறகு உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை."

மெசினைக் கொண்டுபோகக் கை நீட்டுவார் என்றே நினைத்தேன். அதைத் தூக்கிக்கொண்டு போகிற அவருடைய முதுகு கூட எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அவர் என் கதிரையை இழுத்து அதில் இருந்தார். கையை மெசின் மேல் வைத்தார். எடுத்தார். திரும்ப வைத்தார்.

"கரும்பலகையிலை எழுதி எழுதி எனக்கும் தோள் போச்சு, தம்பி," என்றார். "எட்டே அடியும். ஆனால் தவறாமல் எட்டு."

"ஓம் மாஸ்டர்."

அவர் போன பிறகும் பொழுது மிச்சம் இருந்தது. அன்றைக்கு இரண்டுதான் அடித்திருந்தேன். விலங்கியல் கட்டை அவிழ்த்து, முதல் தாளைப் பலகையில் இறுக்கி, மூன்றாவது ஸ்டென்சிலைச் செருகினேன்.